பாராமகாலும் மன்றோவும்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காரிமங்கலம் என்னும் ஊர் உள்ளது. குன்றின்மேல் அருணேசுவரர் கோயில். குன்றைச் சூழ்ந்த பகுதிகளில் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும். அவற்றிற்கு அப்பால் மழையை நம்பிக் கேழ்வரகும் கொள்ளும் விளையும் புன்செய்க் கொல்லைகள். இவ்வூர் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு வரும் உழவர் பலருடைய கையில் மடித்து வைத்த தாள் ஒன்று இருக்கும். நிலத்திற்கு உரியவர் பெயர், புல எண், பரப்பு, தீர்வை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பட்டா என்று பெயர். அரை ஏக்கர் கொல்லை உடையவருக்கும் தம் பெயரில் ஒரு பட்டா உண்டு. அவருக்கும் அரசுக்கும் நடுவே நின்று வாரம் கேட்கும் நிலக்கிழார் எவரும் இல்லை.

இம்முறை தானே முளைத்ததன்று. வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டு ஆங்கிலக் கும்பினியார் நிலங்களையெல்லாம் ஜமீன்தார்களிடம் ஒப்புவித்து, அவர்கள் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகையை என்றைக்கும் மாறாதபடி வரையறுத்தனர். தலைமுறை தலைமுறையாக உழுதுவந்தவன் ஜமீன்தாரின் கருணையை எதிர்நோக்கி நிற்கும் குடியானான். சென்னை மாகாணத்திலும் அம்முறையையே பரப்ப முயன்றனர். அதனை எதிர்த்து, உழுபவனோடு அரசு நேரே தொடர்பு கொள்ளுதல் வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடியவர் தாமஸ் மன்றோ. அவர் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர்; உழவர் குடியில் வந்தவரும் அல்லர்; கும்பினியின் படைவீரராகத் துப்பாக்கி ஏந்தி வந்தவர். அத்தகைய ஒருவர்க்கு ஏர்பிடிப்பவன் பக்கம் நின்று நோக்கும் பார்வை எங்ஙனம் வாய்த்தது? அவர் வளர்ந்த இல்லத்தையும், வளர்ந்தபின் அவரைப் பழக்கிய ஊர்களையும் அறிந்தால் இதற்கு விடை ஓரளவு கிடைக்கும்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் வணிகர், அமெரிக்காவின் வர்ஜீனியா நாட்டோடு வாணிகம் செய்து பொருளீட்டியவர். இளமையில் கண்ட மணல்வாரி நோயால் மன்றோவின் செவிப்புலன் சிறிது குறைந்தது. அக்குறை வாழ்நாள் இறுதிவரை நீங்கவில்லை. விளையாட்டில் அவர் ஒருவருக்கும் பின்னடையவில்லை. ஆயினும் அவருக்கு நெருங்கிய துணை நூல்களே. டான் குவிக்ஸோட் என்னும் புகழ்பெற்ற ஸ்பானியக் கதையை மூலத்திலேயே படித்தல் வேண்டும் என்னும் விருப்பத்தால் அகராதியைத் துணைக்கொண்டு ஸ்பானிய மொழியைத் தாமே கற்றார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி உண்டு. ஒரு மக்களை அறிய வேண்டுமாயின் அவர்கள் மொழி வழியாகவே அறிதல் வேண்டும் என்னும் பழக்கம் இவ்வாறு சிறுவயதிலேயே அவரிடம் படிந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் பயின்றபின், தந்தையின் தொழிலைத் தொடரும் நோக்கத்தோடு பதினாறாம் வயதில் ஒரு வணிக நிலையத்தில் கணக்குப் பழகச் சேர்ந்தார்.

அந்நிலையில் வெளியுலகத்து நிகழ்ச்சி ஒன்று அக்குடும்பத்தின் வாயிலில் வந்து நின்றது. 1776-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கில அரசிலிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தன. போர் மூண்டது, கடல்வழி வாணிகம் குலைந்தது, அமெரிக்காவில் நின்ற கடன்கள் திரும்பவில்லை. மன்றோவின் தந்தையார் வீழ்ச்சியுற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளை பிழைப்பைத் தேடிப் புறப்பட வேண்டியவர் ஆனார். எங்கோ ஓர் அயல்நாட்டார் தம் உரிமைக்காகச் செய்த போர், தொடர்பில்லாத ஓர் இளைஞரை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. போர் மூளாதிருந்தால் அவர் கிளாஸ்கோவில் புகையிலைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார். காரிமங்கலத்து உழவர் அவர் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

1780-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பத்தொன்பது வயதும் நிரம்பாத மன்றோ கும்பினிப் படையில் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்து இறங்கினார். இறங்கியவுடனே அவர் பெற்ற முதற் பாடம் சிரிப்பிற்குரியது. துரைமார் பலர் கொடுத்த நற்சான்றுகளைக் கட்டாகக் கொணர்ந்த பெரியவர் ஒருவர் பணியாளாக அமர்ந்தார். ஐரோப்பிய உடைகள் இந்நாட்டு வெயிலுக்கு உதவா என்றும் வேறு துணி எடுக்க வேண்டும் என்றும் சொல்லி, இளைஞரிடமிருந்த பொற்காசுகளைப் பெற்றுச் சென்றார். சென்றவர் மீளவில்லை. ஏமாந்தவர் பலர் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே ஒரு நாட்டாரை முழுவதும் அளந்துவிடுவர். மன்றோ அதனைத் தம்மைத் தாமே நகையாடும் கதையாக்கி வீட்டிற்கு எழுதி அனுப்பினார்.

அவ்வாண்டிலேயே ஐதர் அலி கருநாடகத்தின்மீது படையெடுத்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபொழுது, காஞ்சிபுரத்தில் நின்று உதவ இயலாமல் சென்னைக்குப் பின்வாங்கிய படையில் மன்றோ இருந்தார். அப்படையின் தலைவர் பெயரும் மன்றோதான்.  அடுத்த நான்கு ஆண்டுகளும் நடையும் பசியும் போருமாகக் கழிந்தன. எரிந்த ஊர்களையும், உடைந்த ஏரிகளையும், உழுவார் இல்லாமல் கிடந்த வயல்களையும் கடந்து படைகள் சென்றன. போர் என்பது வெற்றி தோல்வி மட்டுமன்று என்பதைப் படைவீரனுடைய கால்கள் அறிந்திருந்தன.

இந்தியாவுக்குச் சென்றவர்கள் எல்லாரும் செல்வத்தில் புரள்கிறார்கள் என்னும் எண்ணம் அக்காலத்து ஆங்கில நாட்டில் பரவியிருந்தது. பொருள் குவித்துத் திரும்பிய சிலரைக் கண்டு உண்டான எண்ணம் அது. மன்றோவின் சகோதரியாரும் அவ்வாறே நம்பினார். அவருக்கு மன்றோ ஒரு கடிதத்தில் தம் நிலைமையை விளக்கி எழுதினார். மூன்று ஆண்டுகள்வரை அவர்க்குத் தலையணையாக இருந்தவை ஒரு புத்தகமும் தோட்டாப் பையுமே. குறுக்குக் கோல்கள்மீது இழுத்துக் கட்டிய முரட்டுத் துணி கட்டில் ஆயிற்று. குளிர் மிகுந்த இரவுகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த மேலங்கியின் கைகளுக்குள் கால்களை நுழைத்து, அதன் கீழ்ப்பகுதியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொள்வார். அவ்வறுமையிலும் உடன்பிறந்தாரோடு சேர்ந்து தந்தையார்க்குப் பொருள் அனுப்பிவந்தார். கடன்பட்ட குடும்பத்தின் துன்பத்தை அவர் பிறர் சொல்லக் கேட்டறிந்தவர் அல்லர்.

போர் ஓய்ந்த காலத்தில் முன்ஷிகளிடம் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். ஒருமுறை பாரசீகக் கதை ஒன்று கைக்குக் கிடைத்தது. கடன் திருப்பாதவன் உடலிலிருந்து தசையை அறுத்துத் தருமாறு கேட்கும் கதை அது. கிளாஸ்கோவில் ஷேக்ஸ்பியரைப் படித்த பிள்ளைக்கு வெனிஸ் நகர வணிகனின் கதை உடனே நினைவிற்கு வந்தது. அதனை மொழிபெயர்த்து அனுப்பினார்; ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த மாலோன் என்னும் அறிஞர் தம் பதிப்பில் அதனைச் சேர்த்துக்கொண்டார். அயல்மொழியில் வியப்புக்குரிய புதுமைகளைத் தேடுவார் பலர். மன்றோவின் கண்ணில் முதலில் பட்டது ஒப்புமையே.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியைப் பகைவரிடம் விட்டுக்கொடுத்தார். கும்பினியாரின் பங்கில் சேலமும் பாராமகாலும் வந்தன. பாரா என்பது பன்னிரண்டைக் குறிக்கும். பன்னிரண்டு மகால்கள் அடங்கிய நாடு பாராமகால். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மாவட்டங்களில் அந்நாடு பரந்திருந்தது. புதிதாகக் கிடைத்த நாட்டை ஆளத் தக்கவர் யார்? சென்னையில் இருந்த கும்பினியின் குடியியல் அலுவலருள் நாட்டுமொழி அறிந்தவர் மிகச் சிலரே. ஆகவே, தலைமை ஆளுநராகிய காரன்வாலிஸ் பிரபு அவர்களை ஒதுக்கிவிட்டு, மொழியும் நாடும் அறிந்த காப்டன் அலெக்சாந்தர் ரீடு என்னும் படைத்தலைவரைத் தண்டலர் ஆக்கினார். அவருக்கு உதவியாகப் படைத்துறையினர் மூவர் அமர்ந்தனர். அவருள் ஒருவர் மன்றோ. ஒற்றுச் செய்திகளைத் திரட்டும் பணியில் முன்னரே ரீடின்கீழ் அவர் வேலை பார்த்தவர்.

ரீடைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை; அது முறையன்று. நிலத்தைப் புலம் புலமாக அளந்து, மண்ணின் தரம் பிரித்து, உழுபவன் பெயரிலேயே தீர்வை விதிக்கும் வேலையைப் பாராமகாலில் தொடங்கியவர் அவரே. தொடங்கும்பொழுதே அவர்க்கு எல்லாம் தெளிவாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. நீண்ட காலக் குத்தகை நல்லதென்று முதலில் கருதினார். ஊர்களைச் சுற்றிவந்தபின், ஓராண்டு மழை பெய்து மறு ஆண்டு பொய்க்கும் இந்நாட்டில் உழவன் பல்லாண்டுக் குத்தகைக்குக் கட்டுப்படத் தயங்குவதைக் கண்டார். 1796-ஆம் ஆண்டு திருப்பத்தூரிலிருந்து ஓர் அறிக்கை விடுத்தார். அதன்படி, வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விட்டுவிடவும் ஆண்டுதோறும் உழவனுக்கு உரிமை உண்டாயிற்று. தாம் கொண்ட கருத்தை நிலத்தின் சொல் கேட்டு மாற்றிக்கொண்ட தலைவரிடம் மன்றோ ஏழாண்டுகள் பயின்றார். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு அத்தகைய கல்வியைத் தந்திராது.

அக்கல்வி கற்ற இடம் கூடாரம். தருமபுரியை இருப்பிடமாகக் கொண்டு மன்றோ ஊர் ஊராகச் சென்றார். ஓர் ஊரில் கூடாரம் அடித்தவுடன் விடியற்காலையிலேயே உழவர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்குவர். நண்பகலிலும் கூட்டம் குறையாது. தமக்கென ஒரு நாழிகைகூடக் கிடைப்பதில்லை என்று வீட்டிற்கு எழுதினார். அக்கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் பொழுதே பத்துப் பன்னிருவர் அவரைச் சூழ்ந்து பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் தம் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு முன் பட்ட கடனைப் பற்றி நெடுங்கதை சொன்னார். மற்றொருவர் போர்க்காலத்தில் ஊரை விட்டுப் போயிருந்தபொழுது தம் சொத்தை உடன்பிறந்தான் அழித்துவிட்டதாக முறையிட்டார். இன்னொருவர் இவ்வாண்டு வழக்கமான தீர்வை செலுத்த இயலாது என்றார். காரணம் கேட்டபொழுது, மனைவி இறந்துவிட்டாள். அவள் தம்மிடமுள்ள சிறந்த எருதைவிட மிகுதியாக உழைப்பவள் என்று விடையிறுத்தார்.

இக்கடைசி விடையைக் கேட்டு நகைப்பாரும் உளர். ஆனால் பாராமகாலின் புன்செய் வாழ்க்கை முழுவதும் அவ்விடையில் அடங்கியுள்ளது. களையெடுப்பும் அறுவடையும் நீரிறைப்பும் வீட்டு வேலையும் ஒருத்தியின் தோள்மேல் நின்றன. அவள் போனபின் நிலம் இருந்தும் விளைவு இல்லை. சென்னைக் கோட்டையில் எழுதப்படும் வரவு செலவுக் கணக்கில் இதற்கு ஓர் இடம் கிடையாது. காது மந்தமான ஒருவர், காலை முதல் மாலைவரை இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டிருந்தார் என்பது எண்ணத்தக்கது. வணிகர் வீட்டில் பழகிய கணக்கறிவும் அவருக்குத் துணைசெய்தது. ஆயினும் கணக்கு மட்டும் அறிந்தவர் தொகையைப் பார்த்திருப்பார். கடனால் வீழ்ந்த தந்தையின் மகனுக்குத் தொகைக்குப் பின்னால் நின்ற ஆளும் தெரிந்தான்.

தருமபுரியில் அவர் தமக்கென ஒரு தோட்டம் அமைத்தார். பிற்காலத்தில் பெரும்பதவிகள் வந்தபொழுதும் அத்தோட்டத்தை விட்டுப் பிரிந்ததைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

1799-ஆம் ஆண்டு திப்பு சுல்தான் போரில் மாண்டபின், மன்றோ பாராமகாலை விட்டுச் செல்ல நேர்ந்தது. முதலில் கன்னடக் கடற்கரை நாடு. அடுத்து 1800 முதல் 1807 வரை, பல்லாரி, கடப்பை முதலிய ஊர்கள் அடங்கிய, ஐதராபாத்து நிசாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்கள். சென்ற இடமெல்லாம் பாராமகாலில் கற்ற முறையையே கையாண்டார். நாடு பெரியது, பாளையக்காரர் மிகப் பலர், கலகங்கள் ஓயாதவை. அவற்றை விரித்தால் கதை நீளும். ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. ஏழாண்டுப் பணியின் முடிவில், விதித்துள்ள தீர்வையில் நூற்றுக்கு இருபத்தைந்து குறைத்தால்தான் உழவன் நிமிர முடியும் என்று அரசுக்கு எழுதினார். வருவாயைத் திரட்ட அமர்த்தப்பட்ட அலுவலரே வருவாயைக் குறைக்கச் சொன்னது மேலிடத்தாருக்கு உவப்பாக இருக்கவில்லை. அவர் சொல் அப்பொழுது ஏற்கப்படவில்லை. அவர் தாய்நாடு சென்றபின், ஊர்களைக் குத்தகைக்கு விடும் முறை அங்கே புகுந்தது. பாராமகாலிலோ அதற்கு முன்னரே நிலங்கள் மிட்டாக்களாகப் பகுக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. ஏலம் எடுத்த மிட்டாதார் பலர் தொகை செலுத்த இயலாமல் நொடித்தனர்.

வங்காளத்தில் ஜமீன்தார்களை நிலைநிறுத்தியவரும், மன்றோவைப் பாராமகாலுக்கு அனுப்பியவரும் ஒருவரே. இருவகைச் செயலுக்கும் காரணர் காரன்வாலிஸ். அவர் நேர்மையிற் குறைந்தவர் அல்லர். ஆனால் ஆங்கில நாட்டின் பெருநிலக்கிழார் குடியில் பிறந்து வளர்ந்தவர். பெரிய பண்ணைகளும், அவற்றைப் பேணும் பிரபுக்களும், அவர்களை அண்டி வாழும் குடிகளும் இருப்பதே நாட்டிற்கு அழகு என்பது அவர் கண்டு வளர்ந்த காட்சி. வங்காளத்தை நோக்கியபொழுது அக்காட்சியையே அங்கும் தேடினார், கண்டார், காணாத இடத்தில் உண்டாக்கினார். மன்றோவின் வீட்டிற்கோ அத்தகைய பண்ணை இல்லை. நிலம் என்பதை அவர் முதன்முதலாக அறிந்தது பாராமகாலின் வரப்புகளில் நடந்தபொழுதுதான். ஆதலின் அவருக்கு நிலம் என்றாலே கொல்லையும், அதனை உழும் ஒரு குடும்பமும் கண்முன் நின்றன.

1813-ஆம் ஆண்டு ஆங்கில நாடாளுமன்றத்தின் பொதுமக்கள் அவை இந்தியாவைப் பற்றிச் சான்று கேட்டது. அங்கிருந்தோருள் பலர் இந்தியரை நாகரிகம் இல்லாதவர் என்றே நம்பியிருந்தனர்; அவர்கள் படித்த நூல்களும் கேட்ட கதைகளும் அப்படி. மன்றோ அவர்கள் முன் நின்று, இந்நாட்டாரின் உழவுத் திறத்தையும், நெசவு முதலிய கைத்தொழில் நுட்பத்தையும், ஊர்தோறும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் பள்ளிகளையும், விருந்தோம்பலையும், பெண்டிரை மதிக்கும் பண்பையும் எடுத்துரைத்தார். நாகரிகத்தை இரு நாடுகளும் பண்டமாற்றுச் செய்துகொள்ளுமானால் ஆங்கில நாட்டுக்கே ஆதாயம் என்னும் கருத்தையும் அஞ்சாது கூறினார். ஆங்கில நாட்டுப் பண்டங்கள் இந்தியாவில் பெருக விற்குமா என்று வணிகர் அறிய விரும்பினர். தாம் ஏழாண்டுகள் பயன்படுத்திய இந்தியச் சால்வை இன்னும் புதிதுபோல் இருப்பதாகவும், ஐரோப்பியச் சால்வையை ஒருவர் இலவசமாகக் கொடுத்தாலும் போர்த்த விரும்பவில்லை என்றும் விடையளித்தார். வணிகர் மகன் வணிகருக்குச் சொன்ன விடை அது.

மறு ஆண்டு ஜேன் காம்பெல் என்னும் பெருமாட்டியை மணந்து, சென்னைக்குத் திரும்பினார். 1820-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் ஆளுநர் ஆனார். உழவரோடு நேரே தீர்வை வரையறுக்கும் முறை, இரயத்துவாரி என்னும் பெயரால் மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. முன்பு மறுக்கப்பட்ட இருபத்தைந்து விழுக்காட்டுக் குறைப்பும் அப்பொழுது நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் தம் பழைய விண்ணப்பத்துக்குத் தாமே ஆணையிட்டார் எனலாம்.

கல்வித்துறையில் அவர் செய்த வேலை மாணவர்கள் அறியத்தக்கது. நாட்டில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர் என்பதைக் கணக்கெடுத்து அனுப்புமாறு 1822-ஆம் ஆண்டு தண்டலர்களுக்குக் கட்டளையிட்டார். 1826-ஆம் ஆண்டளவில் தொகை கிடைத்தது. மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,28,50,000, பள்ளிகள் 12,498, அவற்றில் பயின்ற மாணவர் 1,88,650. இந்தியர்க்குக் கல்வி என்பதே இல்லை என்று இங்கிலாந்தில் எண்ணியிருந்தவர்களுக்கு இத்தொகை ஒரு மறுமொழி. எனினும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பள்ளிக்கு வெளியே இருந்தனர் என்பதையும் அதே தொகை காட்டிற்று. மன்றோ இரண்டையும் கண்டார்.

1824-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவர் எழுதிவைத்த நீண்ட குறிப்பே அவர் எழுதியவற்றுள் தலைசிறந்தது. இந்தியர் பொய்யர், ஊக்கமற்றவர், உயர் பதவிக்குத் தகாதவர் என்று அக்காலத்து ஆங்கிலேயர் பலர் சொல்லிவந்தனர். பிறவிக் குணம் என்று அவர்கள் கருதியதை மன்றோ வளர்ப்பின் விளைவு என்று கருதினார். உயர்ந்த பதவி எதுவும் கிட்டாது, நம்பிக்கைக்குரிய பொறுப்பு எதுவும் தரப்படாது என்ற நிலையில் வைக்கப்பட்ட மக்கள் எவராயினும் தாழ்ந்தே போவர் என்றார். இதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு அவருடைய சொந்த நாடே. ஆங்கில நாட்டை அயலார் வென்று, அந்நாட்டு மக்களை ஆட்சியிலிருந்தும் பெருமைக்குரிய பதவிகளிலிருந்தும் விலக்கிவிட்டால், அவர்களுடைய அறிவும் இலக்கியமும் சமயமும் அவர்களைக் காவா. ஓரிரு தலைமுறைக்குள் அவர்களும் தாழ்ந்த உள்ளமும் வஞ்சகமும் உடையவராவர் என்று எழுதினார். ஆகவே இந்தியரை உயர் பதவிகளில் அமர்த்தல் வேண்டும். அவர்கள் தம்மைத் தாமே ஆளத் தக்கவராகும் காலம்வரை மட்டுமே ஆங்கில ஆட்சி நிற்றல் வேண்டும் என்றும் குறித்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் தம் இனத்தையே ஆளப்படும் இடத்தில் நிறுத்திப் பார்த்தார். அவ்வாறு பார்க்கத் துணிந்த ஆளுநர் அக்காலத்தில் மிகச் சிலர்.

இவ்வளவு கண்டவர் எல்லாவற்றிலும் அதனைப் பின்பற்றினாரா? இல்லை. 1822-ஆம் ஆண்டு, செய்தித்தாள்களுக்கு உரிமை அளிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். அயலார் ஆட்சியும் தடையற்ற செய்தித்தாளும் நெடுநாள் ஓரிடத்தில் வாழா என்பது அவர் வாதம். வாதத்தில் பிழையில்லை, அவர் செய்த தேர்வுதான் சிந்தனைக்குரியது. இரண்டில் ஒன்றே நிற்கும் என்று தெளிவாக அறிந்தும், அயலார் ஆட்சியின் பக்கமே நின்றார். பத்தொன்பதாம் வயது முதல் உண்ட கும்பினியின் சோறும் உடுத்த சீருடையும் அவரை அங்கே பிடித்து நிறுத்தின போலும்.

இரயத்துவாரி முறையும் பழுதற்றதாக இருக்கவில்லை. தீர்வை பல இடங்களில் மிகையாகவே நின்றது. அதனைத் தண்டுவதற்குக் கீழ்நிலை அலுவலர் உழவர்களை வதைத்த செய்தியை, அவர் மறைவுக்குப் பின் அரசு அமைத்த ஆய்வுக் குழுவே 1855-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. பட்டா நிலமுடையவனுக்குக் கிடைத்தது. அவன் கொல்லையில் கூலிக்கும் அடிமையாகவும் உழைத்த நிலமற்றவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூடாரத்துக்கு வந்து வழக்குரைத்தவர்களை மன்றோ கேட்டார். கூடாரத்தின் பக்கம் வரத் துணியாதவர்களும் அவ்வூர்களில் இருந்தனர்.

பதவியை விட்டு ஊர்திரும்ப அவர் விரும்பியிருந்தார். பர்மியப் போர் மூண்டமையால் அது தள்ளிப்போயிற்று. மனைவியார் நோயுற்ற இளைய மகனோடு 1826-ஆம் ஆண்டு முன்னதாகக் கப்பலேறினார். மன்றோ புறப்படுமுன், தாம் ஏழாண்டுகள் சுற்றித் திரிந்த கடப்பை, பல்லாரிப் பகுதிகளை இன்னொரு முறை காண விரும்பிச் சென்றார். அக்கோடையில் அங்கே வாந்திபேதி பரவியிருந்தது. 1827-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6-ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊரில் அந்நோய்க்கு இரையானார். கூத்தியில் அடக்கம் செய்யப்பெற்ற உடல், 1831-ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது.

சென்னை மாநகரில் அண்ணா சாலை தொடங்கும் தீவுத்திடல் அருகே, 1839-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. சாந்திரி என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்தது அது. குதிரைமேல் அமர்ந்த கோலம். குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டான் என்று வழிப்போக்கர்கள் பேசிக்கொள்வது உண்டு. கடப்பை, கர்நூல் பக்கத்து ஊர்களில் அவருக்கு வேறுவகை நினைவு நிலைத்தது. அவ்வூர்களின் உழவர் குடும்பங்கள் சில, தம் ஆண்மக்களுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு அழைத்தன.